நாலரைக் கட்டையில் ஒரு வியாகுலப் பாடல்: கடலோரப் பங்கு ஒன்றில் தனிக்குரலும் தந்திக் கருவிகளும் சேர்ந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கு மேற்கே மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் ஒரு கத்தோலிக்க மீனவ ஊரில் நடந்தது இது. ஊர், பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்க மக்கள் சமூகம்), இசைஞர்கள் ஆகியோரின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. மரியாவின் ஏழு வியாகுலங்களை, அதாவது துயரங்களை, தனிக்குரலுக்கும் நான்கு தந்திக் கருவிகளுக்கும் புதிதாக இசையமைப்பது, அந்த ஊர்ப் பெண் ஒருவரைப் பாடவைத்து அந்த ஊர்க் கோவிலிலேயே நிகழ்த்துவது என்பதே திட்டம்.

இசையமைத்தவர் சென்னையில் திரைப்பட ஒலிப்பதிவுகளுக்குச் செல்லோ வாசிப்பவர். அவருடைய தாய்வழிச் சொந்தங்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். முதல் வயலினும் வயோலாவும் மேற்கத்திய முறையில் பயின்றவர்களிடம் இருந்தன. இரண்டாம் வயலினுக்கு வந்தவர் மதுரையில் கர்நாடகக் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் வித்துவான். பாடகி ஐம்பது வயதை ஒட்டியவர். கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பது அவர் தொழில். தவக்காலச் சிலுவைப்பாதையின் போதும் பெரிய வெள்ளி இரவிலும் ஊர்ப் பெண்களுக்கு முன்னால் நின்று வியாகுலப் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். சுரக்குறிப்போ மேற்கத்திய இசைத்தாளோ அவருக்கு வாசிக்கத் தெரியாது.

குரலும் தந்தியும் மட்டும் சேர்ந்து மரியாவின் துயரத்தைப் பாடும் மரபு மேற்கத்திய இசையில் பழையது. ‘ஸ்டாபாட் மாட்டர்’ என்ற லத்தீன் பாடல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை விவால்டி 1712இல் ஆல்டோ எனப்படும் ஒரே ஒரு தாழ்ந்த குரலுக்கும் தந்திகளுக்கும் அமைத்தார். பொக்கெரினி 1781இல் ஒரு சொப்ரானோவுக்கும் (உச்சப் பெண்குரல்) தந்திகளுக்கும் அமைத்தார். நம் காலத்தில் எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட் 1985இல் மூன்று குரல்களுக்கும் மூன்று தந்திகளுக்கும் எழுதினார். 1976 முதல் பார்ட் கையாண்ட முறையில் ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும், இன்னொன்று ஒரு முச்சுர அடுக்கின் சுரங்களில் மட்டுமே நிற்கும். நம் இசையமைப்பாளர் அந்த முறையைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்.

அவர் கொண்டுவந்த முதல் தாளில் ஏழு பகுதிகள், மொத்தம் 22 நிமிடம். சட்ஜம், அதாவது பாட்டின் ஆதார சுரம், 2 கட்டை. கட்டை என்பது ஹார்மோனியக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் சுருதி அளவு. குரலின் எல்லை நடு சட்ஜத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை. பயிற்சி பெற்ற சொப்ரானோவுக்குப் பொருந்தும் அளவு அது.

முதல் சந்திப்பில் தெரிந்தது

தவக்காலத்தின் நடுவில், கோவில் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடகியின் குரல் அளக்கப்பட்டது. முறை எளிது. அவருக்குப் பிடித்த வியாகுலப் பாட்டொன்றைச் சுருதி எதுவும் கொடுக்காமல் பாடச் சொல்வது, பாதியில் ஹார்மோனியத்தில் அவர் சட்ஜத்தைத் தேடிப் பிடிப்பது. பிறகு மேலும் கீழும் ஒவ்வொரு சுரமாகக் கேட்பது. எடுத்த எடுப்பிலேயே சுருதியைக் கொடுத்துவிட்டால் பாடுபவர் அதற்குக் கட்டுப்பட்டுவிடுவார், உண்மையான இடம் தெரியாது.

அவர் தானாக நின்ற இடம் கீழ் ஸ்தாயியின் 5 கட்டை. பயிற்சி பெற்ற சொப்ரானோவின் சட்ஜத்துக்கு ஐந்து சுரம் கீழே. நெஞ்சுக்குரல், திறந்த தொண்டை. மேல் மத்திமம் வரை தாராளமாகப் போனது, மேல் பஞ்சமத்தில் இறுகியது. 2 கட்டைத் தாளின் நான்காம் பகுதியை முயன்று பார்த்துவிட்டு அவர் சொன்னது: “தம்பி, இந்த எடத்துக்கு ஏறணும்னா நான் அழ முடியாது, கத்தத்தான் முடியும்.”

அந்த ஒரு வாக்கியம்தான் பிறகு எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை. தந்திகளை இறுக்கலாம், தளர்த்தலாம், வேறு தந்தி மாட்டலாம். தொண்டையை அப்படிச் செய்ய முடியாது. புனித இசையில் சொல்லும் வேண்டுதலும் குரலில் இருப்பதால், கருவிகள்தான் நகர்ந்து வர வேண்டும்.

இதற்கு ஒலியியல் காரணமும் உண்டு. ‘இ’, ‘உ’ போன்ற உயிர்களில் வாய்க்குழியின் முதல் ஒத்திசைவு சுமார் 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. பாடும் சுரம் அதைத் தாண்டி மேலே போகப் போக உயிர்கள் ஒன்றோடொன்று கலங்கும். சொப்ரானோவின் உச்சப் பகுதியில் எந்த மொழியும் பாதிதான் புரியும். வியாகுலப் பாட்டில் சொல் புரியாவிட்டால் மிஞ்சுவது மெட்டு மட்டுமே.

நாளைத் தள்ளிவைத்த முடிவு

பெரிய வெள்ளி இரவிலேயே நிகழ்த்தலாம் என்பது முதல் எண்ணம். பங்குத்தந்தை அதை மறுத்தார், அவர் சொன்னது சரி. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ கீதம் முடிந்ததிலிருந்து பாஸ்கா திருவிழிப்பின் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாடு) ‘உன்னதங்களிலே’ வரை வழிபாட்டில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம், தனியாக வாசிக்கக் கூடாது. தவக்காலம் முழுவதற்கும் சில நாட்கள் நீங்கலாக இதுவே விதி. தாளில் தந்திகள் தனியாக வாசிக்கும் இடைப்பகுதிகள் நான்கு இருந்தன.

எனவே செப்டம்பர் 15, வியாகுல மாதா திருநாள் முடிவானது. மாலைத் திருப்பலி முடிந்த பிறகு, வழிபாட்டுக்கு வெளியே, தனி நிகழ்வாக நடத்துவது என்று தீர்மானித்தார்கள். அப்படி நடத்தினாலும் ஆலயத்துக்குள் இசை நிகழ்ச்சி பற்றி 1987 நவம்பர் 5 தேதியிட்ட வத்திக்கான் மடலின் நிபந்தனைகள் பொருந்தும். ஆயருக்கு முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பம், கட்டணமில்லா அனுமதி, பீடப்பகுதிக்குள் இசைஞர்கள் அமராமை, இயன்றால் நற்கருணையைப் பக்கச் சிற்றாலயத்துக்கு மாற்றி வைத்தல். விண்ணப்பம் மே மாதத்திலேயே போய்விட்டது. அனுமதி கடிதமாக வரும்வரை இசைஞர்களுக்கு ரயில் டிக்கெட் எடுக்கவில்லை. இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

தாளைத் திருப்பி எழுதியது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலக்கரை ஓய்ந்திருக்கும், பாடகிக்குக் காலை நேரம் கிடைக்கும். அந்த நாட்களில்தான் பெரும்பகுதி வேலை நடந்தது.

முதலில் இசையமைப்பாளர் கணினியில் உருவாக்கிய மாதிரி ஒலியை வாட்ஸப்பில் அனுப்பி மனப்பாடம் செய்யச் சொன்னார். அது கெடுதலாக முடிந்தது. பாடகி இயந்திரத்தின் ஒரே சீரான தாளத்தை அப்படியே பின்பற்றினார், அவருடைய இழுப்பும் நிறுத்தமும் காணாமல் போயின. இரண்டே வாரத்தில் அதைக் கைவிட்டு வழியைத் தலைகீழாக்கினார்கள். பாடகி தன் போக்கில் பாடுவார், மதுரை வித்துவான் அதைச் சுரப்படுத்துவார், அந்தச் சுரத்தைச் சுற்றி இசையமைப்பாளர் தந்திகளை மறுபடி எழுதுவார்.

சுரப்படுத்தியபோது மெட்டு புன்னாகவராளி ராகச் சாயலில் இருப்பது தெரிந்தது. சுத்த ரிஷபம், கீழ் நிஷாதத்தில் இறங்கி ஓய்வது, சாதாரண காந்தாரத்தில் அசைவு. தாளில் இருந்ததோ மேற்கத்திய மைனர், அதாவது சதுச்ருதி ரிஷபம். பாடகியின் ரிஷபம் தாளின் ரிஷபத்தோடு அரைச்சுரம் மோதியது. எனவே தந்திகளில் ரிஷபம் வரும் இடங்கள் எல்லாம் நீக்கப்பட்டன அல்லது சுத்தமாக்கப்பட்டன.

காந்தாரம் இதைவிடச் சிக்கல். பார்ட் முறையில் முச்சுர அடுக்கின் நடுச்சுரம் காந்தாரம்தான். ஹார்மோனியத்தின் சமப்படுத்திய சாதாரண காந்தாரம் சட்ஜத்திலிருந்து 300 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). செவிக்கு இயல்பாக ஒத்துப்போவது 316 சென்ட். பாடகியின் காந்தாரமோ எங்கும் நிற்காமல் அசைந்தது. அசையும் சுரத்தின் கீழே அதே சுரத்தை ஆடாமல் பிடித்தால் பாடுபவர்தான் அபஸ்வரமாகப் பாடுவதுபோல் கேட்கும், குற்றம் கருவியுடையது என்றாலும். ஆகவே குரல் காந்தாரத்தைத் தொடும் எல்லா இடத்திலும் தந்திகளில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மிஞ்சின. குரல் ஓய்ந்த பிறகு காந்தாரம் வயோலாவில் வரும். நிறைய இழந்ததுபோல் தாளில் தெரிந்தது, காதுக்கு அப்படித் தெரியவில்லை.

2 கட்டையிலிருந்து 5 கட்டைக்கு, அதாவது ஐந்து சுரம் கீழே இறக்கியபோது பங்கீடும் மாறியது. இரண்டாம் வயலினின் கீழ்ப் பஞ்சமம் வயலினின் எல்லைக்குக் கீழே விழுந்தது, அதை வயோலா ஏற்றது. செல்லோவுக்கு இது வரமாக அமைந்தது. அதன் நடு இரண்டு தந்திகள் திறந்தபடியே சட்ஜ பஞ்சமமாக நின்றன, விரல் வைக்காமல் எவ்வளவு நேரமும் சுருதி பிடிக்கலாம்.

ஆனால் புதிய ஆபத்தும் வந்தது. குரல் இப்போது வயலினின் கீழ்த்தந்திகளும் வயோலாவின் நடுத்தந்திகளும் இருக்கும் அதே எட்டில் (ஸ்தாயியில்) உட்கார்ந்திருந்தது. அந்த எட்டில் வேறு எது நகர்ந்தாலும் சொல் மறையும். கடைசியில் கடைப்பிடித்த விதி: குரல் பாடும்போது அந்த எட்டுக்குள் சுருதியைத் தவிர வேறு எதுவும் அசையக் கூடாது. முதல் வயலின் ஓர் எட்டு மேலே மெல்லிய மேல்தொனிகளில் நிற்கும், வயோலாவும் செல்லோவும் கீழே. நடு வெளி குரலுக்கு.

தாள எண்ணிக்கையும் போனது. பாடகி மூச்சு எடுக்கும் இடம்தான் அடுத்த கட்டத்துக்கு அடையாளம். ஒவ்வொரு கருவியின் தாளிலும் பாட்டின் சொற்கள் முழுதாக எழுதப்பட்டன. முதல் வயலினுக்கும் செல்லோவுக்கும் தமிழில், தமிழ் வாசிக்கத் தெரியாத வயோலாக்காரருக்கு மலையாள எழுத்தில், வித்துவானுக்குச் சுரங்களுக்கு மேலே சாகித்தியமாக. நடத்துநர் வேண்டாம் என்று முடிவானது. பாடகியின் உதடு தெரியும் இடத்தில் நால்வரும் அமர்ந்தால் போதும்.

சொற்கள்

முதல் மூன்று பகுதிகளுக்கு வீரமாமுனிவரின் அன்னை அழுங்கல் அந்தாதியிலிருந்து எடுத்த பாடல்கள். பின் நான்கு பகுதிகளுக்கு ஊர்ப் பெண்களின் கையெழுத்து நோட்டுகளில் இருந்த வியாகுலப் பாட்டுகள். அந்தாதிப் பாடல்கள் சீர் பிரித்து, சந்தி பிரித்து எழுதிக் கொடுத்த பிறகே வாயில் படிந்தன. ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவது அந்தாதியின் இலக்கணம். இசையிலும் அப்படியே, ஒரு பகுதியின் கடைசிச் சுரத்தை வயோலா விடாமல் பிடிக்க, அதே சுரத்தில் அடுத்த பகுதி எழும்படி அமைத்தது நன்றாக வந்தது.

நோட்டுப் பாட்டுகளுக்கு எழுதியவர் பெயர் கிடையாது. அதற்காக அவை யாருக்கும் சொந்தமில்லாதவை ஆகிவிடாது. நோட்டு வைத்திருந்த பெண்களைக் கூட்டிப் பேசி, எந்தப் பாட்டை எடுக்கலாம், எந்த அடியை வெளியே பாடக் கூடாது என்று கேட்டே எடுத்தார்கள். கடலில் போய்த் திரும்பாதவர்களின் பெயர் சொல்லி அழும் இரண்டு அடிகள் அவர்கள் விருப்பப்படி விடப்பட்டன. தாளின் முதல் பக்கத்தில் ‘ஊர்ப் பெண்களின் நோட்டுகளிலிருந்து’ என்று எழுதப்பட்டது.

ஆகஸ்ட் ஒத்திகை: குரல் இறங்கியிருந்தது

மூன்று மாதம் கழித்து ஆகஸ்டில் எல்லோரும் முதல்முறை ஒன்றுகூடினார்கள். 5 கட்டையில் தொடங்கிய பாட்டு மூன்றாம் பகுதிக்குள் சுருதிக்குக் கீழே இறங்கியது. மேல் மத்திமத்தில் குரல் கரகரத்தது. மறுநாளும் அப்படியே. ஞாயிறன்று மட்டும் சரியாக நின்றது.

காரணம் கரையில் இருந்தது. தடைக்காலம் முடிந்து கடல் திறந்துவிட்டது, அதிகாலை ஏலம் நடந்தது. விடியுமுன் இரண்டு மணி நேரம் கூட்டத்துக்கு மேலே குரல் கொடுப்பவரின் குரல்நாண்கள் மாலைக்குள் சற்றுத் தடித்திருக்கும். இயல்பான சுருதி அரைக் கட்டை தாழும். முதல் சந்திப்பில் அளந்து தடைக்காலத்தில் பழகிய 5 கட்டை ஓய்ந்த தொண்டையின் அளவு. வேலை செய்யும் தொண்டைக்கு நாலரை. செப்டம்பர் 15 எந்தக் கிழமையில் வந்தாலும் அவர் ஏலத்துக்குப் போவார், அவர் பிழைப்பு அது. அன்று போக வேண்டாம் என்று கேட்பதில்லை என முடிவானது.

நாலரைக் கட்டைக்குத் தாளை மாற்றி எழுதினால் செல்லோவின் திறந்த தந்திகள் பயனற்றுப் போகும், எல்லாச் சுரத்துக்கும் விரல் வைக்க வேண்டும், தொடர்ந்து நிற்கும் சுருதி சாத்தியமில்லை. அதற்குப் பதில் கருவிகளையே அரைச்சுரம் கீழே இறக்கினார்கள். மேற்கத்தியக் கருவிகள் வழக்கமாக 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கப்படும். பழைய பரோக் இசையை வாசிப்போர் பெரும்பாலும் 415க்குச் சேர்ப்பார்கள், அது சரியாக அரைச்சுரம் கீழே. கைப்பேசிச் சுருதிச் செயலியில் 440ஐ 415 ஆக்கிவிட்டு எப்போதும்போல் சேர்த்தால் முடிந்தது. தாளில் ஓர் எழுத்தும் மாறாது, ஒலிப்பது மட்டும் நாலரைக் கட்டையில்.

விளைவுகளைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். தந்தியின் இழுவிசை சுருதியின் இருமடிப்படி மாறும், ஆகவே அரைச்சுரத்துக்கு ஏறக்குறைய 11 விழுக்காடு குறையும். செல்லோவின் அடித்தந்தி தொய்ந்து, அழுத்தி இழுத்தால் சுரம் நெளிந்தது. வில்லை மெதுவாக, எடை குறைத்து இழுக்கப் பழக வேண்டியிருந்தது. தந்தியைக் கையால் மீட்டும் இடங்களில் ‘தொப்’ என்று கேட்டது, அந்த நான்கு இடங்களும் வில்லுக்கு மாற்றப்பட்டன. இறக்கிய கருவி ஓர் இரவு கழியும்வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நிகழ்வுக்கு இரண்டு நாள் முன்பே இறக்கிவைப்பது அவசியம். சுருதியைத் திருகும்போது குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் பலகை) சாய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

மதுரை வித்துவானுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. பாடுபவர் கட்டைக்கு வயலினை ஏற்றி இறக்குவது அவருடைய அன்றாட வேலை. அவர் தன் வழக்கப்படி ச-ப-ச-ப என்று சேர்த்தார். மற்ற வயலினோடு ஒப்பிட்டால் கீழ் இரண்டு தந்திகள் ஒன்றே, மேல் இரண்டு மட்டும் அவற்றிலிருந்து ஒரு முழுச்சுரம் கீழே. அவர் தரையில் அமர்ந்தே வாசித்தார். குரலின் அசைவைப் பின்தொடரும் ஆறாம் பகுதி அவரிடமே விடப்பட்டது, அதைத் தாளில் எழுத முயலவில்லை.

இந்த ஒத்திகையில் இன்னொன்றும் நடந்தது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் ஏந்தும் ஆறாம் பகுதியில், கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் தாமாகவே அடியின் கடைசியைச் சேர்ந்து பாடினார்கள். நோட்டில் இருப்பது அவர்கள் பாட்டு, சேராமல் எப்படி இருப்பார்கள்? அதைத் தடுக்க யாரும் எண்ணவில்லை. அந்த இடத்தில் தந்திகளுக்கு ஒரு சுருதிச் சுற்று எழுதப்பட்டது. பெண்கள் முடிக்கும்வரை அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, பாடகி தலையசைத்ததும் நகர்வது.

கோவிலின் ஒலி

நீண்ட நடுக்கூடம், சிமெண்ட் பூச்சுச் சுவர், மொசைக் தரை. காலியான கோவிலில் பலூன் ஒன்றை உடைத்துக் கைப்பேசிச் செயலியால் அளந்தபோது ஒலி அடங்கச் சுமார் 4 நொடி ஆனது. பாய் விரித்து மக்கள் அமர்ந்தால் ஏறக்குறைய பாதியாகும். 4 நொடி எதிரொலியில் வேகமான ஓட்டங்கள் சேறாகும், இரண்டாம் பகுதியில் எகிப்துக்கு ஓடுவதைக் காட்டிய வயலின் ஓட்டங்கள் அதனால் நீக்கப்பட்டன. மாறாக, நீண்ட சுருதி இந்தக் கூடத்தில் தானாகவே மலர்ந்தது.

இருக்கை பீடத்துக்குக் கீழே, வாசக மேடைப் பக்கத்துத் தரையில். செல்லோவின் முனைக்கம்பி மொசைக்கில் வழுக்கும், அதற்கு நாலடிக்கு நாலடிப் பலகைப் பெட்டி ஒன்றை ஊர் ஆசாரி செய்து கொடுத்தார். உள்ளே காலியான பெட்டி என்பதால் அடிச்சுரங்களுக்கு வலு கூடியது. இது எதிர்பாராத லாபம். தளர்ந்த தந்தியின் மெலிவை அது ஈடுகட்டியது.

மின்விசிறிகளை நிறுத்துவதில் வாக்குவாதம் இருந்தது. நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் மூன்று இறக்கை விசிறி, மேலே போகும் ஒலியை நொடிக்கு 15 முறை வெட்டும். ஆடாமல் பிடிக்கும் சுரம் நடுங்குவதுபோல் கேட்கும். செப்டம்பர் வெக்கையில் விசிறி இல்லாமல் அரைமணி நேரம் அமர்வது முதியவர்களுக்குக் கடினம். ஆகவே இசைஞர்களுக்கு மேலேயும் முன்வரிசைகளுக்கு மேலேயும் உள்ளவை மட்டும் நிறுத்தப்பட்டன, பின்பக்கம் ஓடின. கச்சான் காற்று தெற்கு வாசல் வழியே நேராக அடிக்கும் காலம் என்பதால் அந்தக் கதவுகள் அடைக்கப்பட்டு வடக்குக் கதவுகள் திறந்தன. தாள்களுக்குத் துணிக் கிளிப்.

உள்ளே மைக் இல்லை. வெளியே பந்தலில் அமர்பவர்களுக்காக மட்டும் இரண்டு மைக்குகள், பாடகிக்கு முன்னே இரண்டரை மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர் உயரத்தில். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், இரண்டு பெட்டி ஒலிபெருக்கி போதும் என்று மைக் செட்காரரிடம் சொல்லப்பட்டது.

கடற்காற்றும் மரமும்

நால்வரில் இருவர் மதுரையிலிருந்து குளிர்சாதனக் காரில் வந்தார்கள். வறண்ட குளிரிலிருந்து கடலோர ஈரத்துக்குள் கருவியை உடனே திறந்தால் மரத்தில் நீர் பூக்கும். இரண்டு மணி நேரம் பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அப்படியும் பிருடைகள் (தந்தியை முறுக்கும் ஆணிகள்) ஊதி இறுகின, பென்சில் கரி தடவிய பின்னரே திரும்பின. வில்லின் முடி ஈரத்தில் நீளும். ஒருவரின் வில்லில் திருகு முழுதும் போனபிறகும் முடி தளர்ந்தே இருந்தது, அவர் மாற்று வில் கொண்டு வந்திருந்ததால் தப்பித்தார். கடலோரத்துக்கு வருபவர்கள் முடியைச் சற்றுக் குட்டையாகக் கட்டிய ஒரு வில்லைத் தனியாக வைத்திருக்க வேண்டும். இரும்புத் தந்திகளில் ஒரே இரவில் உப்புப் படியும், வாசித்து முடித்தவுடன் உலர்ந்த துணியால் துடைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

முந்தின நாள் வயோலாவில் ஒரு சுரத்துக்கு மட்டும் ஒரு ரீங்காரம். விரல் முட்டியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்ததில் கீழ்ப்பக்க விளிம்பில் இரண்டு அங்குலம் ஒட்டு விட்டிருந்தது. வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் இருந்தது காரணம். இந்தக் கருவிகளில் ஒட்டு வேலை விலங்குப் பசையால் செய்யப்படுகிறது, நம் ஆசாரிகள் வஜ்ரம் என்பது அதைத்தான். சூட்டில் இளகும். அப்படி இளகுவது நல்லதுதான், இல்லாவிட்டால் பலகை வெடித்திருக்கும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையைப் போடலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. அதைப் போட்டால் பின்னர் யாராலும் சேதமின்றித் திறக்க முடியாது. பலகைப் பெட்டி செய்த அதே ஆசாரியிடம் வஜ்ரம் இருந்தது. மெல்லிய சூட்டில் கரைத்து, மெல்லிய தகட்டால் இடுக்கில் செலுத்தி, துணி வைத்து இறுக்கி, ஓர் இரவு விடப்பட்டது. காலையில் ரீங்காரம் இல்லை.

நிகழ்வு நாள்

திருப்பலி 6 மணிக்கு. அது முடிந்து நற்கருணையை மாற்றிவைத்த பிறகு, ஒவ்வொரு வியாகுலமும் என்ன என்று பங்குத்தந்தை சுருக்கமாகச் சொன்னார். பிறகு இசை தொடங்கியது.

தாளின்படி முதல் அடி குரல் மட்டும், துணையின்றி. பாடகி அதை ஏறக்குறைய 5 கட்டையில் எடுத்துவிட்டார். சற்றுமுன் திருப்பலியில் கடைசிப் பாட்டை உபதேசியார் ஹார்மோனியத்தில் ஐந்தரையில் கொடுத்திருந்தார், காதில் இருந்த அது குரலை மேலே இழுத்தது. தந்திகள் நாலரையில் நுழைந்ததும் மோதல். இரண்டு அடிகள் தாண்டும்வரை அது நீடித்தது. செல்லோக்காரர் தாளை விட்டுவிட்டுச் சட்ஜத்தை மட்டும் நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, பாடகி அடுத்த மூச்சில் இறங்கி வந்து சேர்ந்தார்.

வெளியே பந்தலில் வேறு சிக்கல். மிக்ஸரில் வழக்கமாகப் போடும் எக்கோ அணைக்கப்படவில்லை. கோவிலின் எதிரொலியோடு அதுவும் சேர்ந்து முதல் பகுதியில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாடற்குழுப் பெண் ஒருவர் போய்ச் சொல்லிய பிறகு சரியானது.

அதற்கப்பால் எல்லாம் அமைத்தபடி நடந்தது. ஐந்தாம் பகுதியில், சிலுவையடியில், தந்திகள் முழுதும் ஓய்ந்து குரல் மட்டும் நின்றது. ஆறாம் பகுதியில் பெண்கள் சேர்ந்தார்கள், ஒத்திகையில் நான்கைந்து பேர், இப்போது கோவிலின் ஒரு பக்கம் முழுவதும். சுருதிச் சுற்று திட்டமிட்டதைவிடப் பலமுறை திரும்பியது. வித்துவான் அந்த நேரத்தில் வாசித்தது எந்தத் தாளிலும் இல்லாதது, பெண்களின் இழுப்புக்கு அடியில் ஒரே ஒரு அசைவு. 22 நிமிடத் தாள் ஏறக்குறைய 28 நிமிடம் ஓடியது. கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் யாரும் தட்டவில்லை, ஜெபமாலை தொடங்கியது.

பிறகு நடந்தவை

அடுத்த தவக்காலத்தில் நான்காம் பகுதியைச் சிலுவைப்பாதையில் பாட வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். சுருதிப்பெட்டி மட்டும் துணையாக இருக்கும்படி அதைத் திருத்திக் கொடுத்தார் இசையமைப்பாளர். வழிபாட்டு விதிக்கும் அது பொருந்தும். ஒலிப்பதிவு பங்கிலும் நோட்டுப் பெண்களிடமும் இருக்கிறது, இணையத்தில் ஏற்றுவதில்லை என்பது அவர்கள் முடிவு.

நகரத்துப் பாடற்குழு ஒன்று தாளைக் கேட்டு, பயிற்சி பெற்ற சொப்ரானோவை வைத்துப் பழைய 2 கட்டையிலேயே பாடியது. தந்திகள் அழகாக ஒலித்தன, சொற்கள் பெரும்பாலும் போயின. அந்தக் குரல் குறையுள்ளது என்று சொல்ல முடியாது. அதற்கேற்ற வேறு மெட்டு வேண்டும். இப்போது தாளோடு ஒரு பக்கக் குறிப்பு சேர்த்தே தரப்படுகிறது. எந்தக் கட்டையும் அதில் எழுதப்படவில்லை. பாடுபவரின் குரலை அளக்கும் முறை மட்டும் இருக்கிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

துணையின்றித் தொடங்கும் முதல் அடி போக வேண்டும். செல்லோவின் சட்ஜ பஞ்சமம் குறைந்தது 20 நொடி தனியாக நின்ற பிறகே குரல் எழலாம். திருப்பலியில் பாடகி பாடுவதாக இருந்தால் அன்றைய கடைசிப் பாட்டை உபதேசியார் நாலரையிலேயே கொடுக்கட்டும், ஹார்மோனியத்தில் அது ஒரு கருப்புக் கட்டை, சிரமம் இல்லை.

குரலை அளப்பது வேலை நாளின் மாலையில் நடக்க வேண்டும், குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில். கிடைத்த அளவுகளில் தாழ்ந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். தடைக்காலத்தில் கிடைக்கும் ஓய்வு பாட்டைக் கற்கப் பயன்படட்டும், சுருதியை முடிவுசெய்ய அல்ல.

மைக் செட்காரர் ஒத்திகைக்கே வந்து, எக்கோ குமிழை மூடி அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். மாற்று வில் இரண்டு, வஜ்ரம் ஒரு கட்டி, இறுக்கிகள் ஆகியவை வருபவர்களின் பெட்டியிலேயே இருக்க வேண்டும், எல்லா ஊரிலும் அப்படி ஓர் ஆசாரி கிடைக்கமாட்டார். ஆறாம் பகுதிக்குத் தாளில் நிமிடக் கணக்கு எழுதுவதை விட்டுவிடலாம்.